முப்பட்டகத்தின் முன் ஒரு மாணவர்

ஒளி நேர்க்கோட்டில் செல்லும் என்று பள்ளியில் படித்தோம். கல்லூரியில் நுழைந்ததும், அது முழு உண்மை அன்று, விளிம்புகளில் ஒளி சற்றே வளையும் என்றார்கள். இரண்டையும் தேர்வுத்தாளில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கிவிட்டோம். அந்த வளைவைக் கண்ணால் கண்டு, இது ஏன் இப்படி என்று ஒரு நாழிகை நின்று யோசித்தவர் நம்மில் எத்தனை பேர்?

மாட்டுங்காவிலிருந்து நாள்தோறும் ஆய்வுக்கூடத்துக்கு ரயிலேறும் பௌதிக மாணவன் நான். சர் சி. வி. இராமன் பெற்ற பரிசைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். நம்மைப் போல் அவரும் மாணவராயிருந்த நாட்களைப் பற்றிச் சொல்லவே எனக்கு விருப்பம்.

1888 நவம்பர் 7-ஆம் நாள் திருவானைக்காவலில் பிறந்தவர். தந்தையார் சந்திரசேகர ஐயர் விசாகப்பட்டினத்துக் கல்லூரி ஆசிரியர். மகன் பதினொரு வயதில் மெட்ரிகுலேஷன் தேறினார். 1904-ல் சென்னை மாநிலக் கல்லூரியில் பி.ஏ. பட்டம் பெற்றார், முதலிடத்தோடு. இத்தகைய சூட்டிகையைக் கேட்டால் நமக்குச் சற்றுப் பொறாமைகூட எழும். ஆயினும் என்னைக் கவர்ந்தது அதுவன்று.

எம்.ஏ. மாணவராயிருந்தபோது அவர் நிறமாலைமானியில் முப்பட்டகத்தின் கோணத்தை அளந்தார். நாம் எல்லோரும் செய்யும் அதே சோதனை! கோணத்தைக் குறித்துக்கொண்டு, ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வீடு திரும்புவது நம் வழக்கம். இராமனோ, முப்பட்டகத்தின் முகத்தில் ஒளி மிகச் சாய்வாகப் பட்டுத் திரும்பும்போது, பிம்பத்தின் இருபுறமும் தோன்றும் பட்டைகள் சமமாக இல்லை என்பதைக் கண்டார்.

ஏன் சமமில்லை? முகம் ஒரு நீண்ட சதுரத் துளையைப் போல் நின்று ஒளியை வளைக்கிறது. பட்டைகள் அமையும் இடத்தைத் தீர்மானிப்பது கோணம் அன்று, கோணத்தின் சைன். நேர்நின்று வரும் ஒளிக்கு இருபுறமும் சைன் ஒரே அளவில் மாறும். ஆனால் கோணம் தொண்ணூறு பாகையை நெருங்க நெருங்க சைன் மெதுவாகவே மாறும். ஆகவே முகத்தை ஒட்டிய பக்கம் பட்டைகள் அகன்றும், எதிர்ப்பக்கம் நெருங்கியும் விழும். அளந்து, கணக்கோடு ஒப்பிட்டு, இலண்டன் பிலசாபிக்கல் மேகசீனுக்கு அனுப்பினார். 1906 நவம்பரில் கட்டுரை வெளிவந்தது. வயது பதினெட்டு.

மேற்படிப்புக்கு இங்கிலாந்து செல்ல வழியில்லை. அந்நாட்டுக் குளிரை அவர் உடல் தாங்காது என்று அரசு மருத்துவர் சொல்லிவிட்டார். 1907-ல் நிதித்துறைத் தேர்வில் முதல்வராகத் தேறி, கல்கத்தாவில் கணக்கு அதிகாரியானார். குடும்பத்துக்காக உத்தியோகமா, பிடித்த படிப்பா என்று இன்று நம் வீடுகளில் நடக்கும் வாதம் அவருக்கும் இருந்திருக்கும். அவர் இரண்டையும் பத்தாண்டு சுமந்தார். காலையும் மாலையும் பௌபஜார் தெருவிலிருந்த விஞ்ஞானச் சங்கத்தில் ஆய்வு, நடுவில் அலுவலகம். 1917-ல் பெரிய சம்பளத்தை விட்டுப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார்.

நம் ஊர்க் கதை இனித்தான் வருகிறது. 1921-ல் இங்கிலாந்து சென்று 'நார்குண்டா' என்ற கப்பலில் திரும்பினார். கடல் நீலமாயிருப்பது வானத்தின் பிரதிபலிப்பே என்பது ராலே பிரபுவின் கருத்து. இராமனிடம் ஒரு நிக்கல் முப்பட்டகம் இருந்தது. நீர்ப்பரப்பில் சுமார் 53 பாகையில் பட்டுத் திரும்பும் ஒளியின் அதிர்வு ஒரே தளத்தில் அடங்கிவிடும். நிக்கலைத் திருப்பி அதை அணைத்துவிடலாம். அணைத்துப் பார்த்தார். நீலம் போகவில்லை, இன்னும் ஆழ்ந்தது! நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று முடிவு செய்து, நேச்சர் இதழுக்குக் குறிப்பு எழுதினார். அதில் இட்ட முகவரி பம்பாய்த் துறைமுகம். தேதி செப்டம்பர் 26. (நீர் சிவப்பொளியை விழுங்குவதும் அந்த நீலத்துக்கு முக்கியக் காரணம் என்பது இன்று தெளிவாகியுள்ளது. நம் சௌபாத்திக் கரையில் இச்சோதனையைச் செய்ய முயலும் அன்பர்கள் சேற்று நிறத்தைத்தான் காண்பார்கள்!)

நீரோடு நிற்காமல் மற்றத் திரவங்களிலும் சிதறலை ஆராய்ந்தார்கள் அவரும் மாணவர்களும். 1928 பிப்ரவரி 28-ல், கே. எஸ். கிருஷ்ணன் துணைநிற்க, சிதறிய ஒளியில் புகுந்த ஒளியில் இல்லாத நிறம் ஒன்று இருப்பது உறுதியாயிற்று. 1930-ல் நோபல் பரிசு. அந்த முதற்சோதனைக்கு விளக்கு சூரியன். கருவிகள் சில நிறவடிகட்டிகளும் கையடக்க நிறமாலைகாட்டியும்.