ஏழடிப் பையன்களைத் தேடிய சுருட்டுக்காரர்! - ரெட் ஆவர்பேக்கின் டிரேடு வாழ்க்கை

உங்கள் நண்பர்கள் வட்டத்தில் என்.பி.ஏ. பைத்தியம் ஒருத்தராவது இருக்காரா? அப்படின்னா இந்தச் சண்டையை நீங்க கண்டிப்பா கேட்டிருப்பீங்க. ஏதோ ஓர் அணியில் கிட்டத்தட்ட ஏழடி உயரத்தில் ஒரு பையன் இருப்பான். வயது இருபதோ, இருபத்தொன்றோ. பந்தை ஒழுங்காகக் கூடையில் போடக்கூட இன்னும் வராது. ஆனால், கை நீளத்தையும் துள்ளலையும் பார்த்தால் நாலைந்து வருஷத்தில் எங்கேயோ போய்விடுவான் என்று தோன்றும். அவனைத் தூக்கிக்கொண்டு வர நம்ம அணி யாரைக் கொடுக்கலாம்? ஸ்டார் வீரரையா, அடுத்த வருஷத்து டிராஃப்ட் வாய்ப்பையா, இல்லை ரெண்டையுமேவா? விடிய விடியப் பேசினாலும் முடிவு வராது.

இந்தச் சண்டைக்கு ஏறக்குறைய எழுபது வயதாகிறது. அதைப் பேசிக்கொண்டிருக்காமல் செய்தே காட்டியவர் ஒருவர் இருந்தார். வழுக்கைத் தலை, வாயில் சுருட்டு, எப்போதும் கோபமான முகம். பெயர், ரெட் ஆவர்பேக்.

புரூக்ளின் பையன்

1917-ம் ஆண்டு நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் பிறந்தவர் ரெட். முழுப்பெயர் அர்னால்டு ஜேக்கப் ஆவர்பேக். தலைமுடி செம்பட்டையாக இருந்ததால் ரெட் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அப்பா ரஷ்யப் பேரரசின் மின்ஸ்க் பகுதியிலிருந்து பிழைக்க வந்த யூதர். துணி வெளுத்து இஸ்திரி போட்டுத் தரும் கடை வைத்திருந்தார்.

கூடைப்பந்துதான் ரெட்டைக் கல்லூரிக்கு அனுப்பியது. வாஷிங்டனில் உள்ள ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. அங்கே பயிற்சியாளராக இருந்தவர் பில் ரெய்ன்ஹார்ட். இந்தப் பெயரை ஞாபகம் வெச்சுக்கோங்க. பின்னால் ரெட்டின் வாழ்க்கையையே மாற்றப்போகிறவர் இவர்தான்.

படிப்பு முடிந்து பள்ளிக்கூட ஆசிரியர் வேலை, போர்க்காலத்தில் கடற்படை. 1946-ல் புதிதாக ஒரு தொழில்முறை லீக் ஆரம்பித்தபோது, வாஷிங்டன் கேபிடல்ஸ் அணியின் முதலாளியிடம் பேசிப் பேசியே பயிற்சியாளர் வேலையை வாங்கிவிட்டார். அப்போது அவருக்கு 29 வயது. முதல் சீசனிலேயே 60 போட்டிகளில் 49 வெற்றி!

மூன்று சீசன்களில் அந்த வேலை முடிந்தது. அடுத்து ட்ரை-சிட்டீஸ் பிளாக்ஹாக்ஸ் அணி. அங்கே முதலாளி பென் கெர்னர். ஒருநாள் கெர்னர், ரெட்டைக் கேட்காமலேயே ஒரு வீரரை டிரேடு செய்துவிட்டார். தன் அணியில் தன்னைக் கேட்காமல் ஆளை மாற்றுவதா? சீசன் முடிந்ததும் ரெட் வேலையை விட்டுவிட்டார். இந்தக் கெர்னரும் திரும்ப வருவார்.

முதல் பந்தயமே சறுக்கல்

1950-ல் பாஸ்டன் செல்டிக்ஸ் அணிக்கு வந்தார் ரெட். முதலாளி வால்ட்டர் பிரவுன் நல்ல மனிதர். அணிதான் நஷ்டத்தில் ஓடியது.

இங்கே ஒரு சின்ன விளக்கம். ஐ.பி.எல். மாதிரி என்.பி.ஏ.-வில் ஏலம் கிடையாது. கல்லூரியிலிருந்து வரும் புது வீரர்களை அணிகள் வரிசையாக, ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்கும். அதுதான் டிராஃப்ட். வரிசையில் முன்னால் இருப்பது பெரிய சொத்து. அந்த இடத்தையும் வீரர்களையும் அணிகள் பண்டமாற்று செய்துகொள்ளலாம். அதுதான் டிரேடு.

அந்த வருஷ டிராஃப்டில் பாஸ்டன் ரசிகர்கள் எல்லோரும் எதிர்பார்த்தது, பக்கத்து ஊர்க் கல்லூரியில் கலக்கிய பாப் கூஸி என்ற குள்ளமான கார்டைத்தான். ரெட் எடுத்ததோ சார்லி ஷேர் என்ற உயரமான சென்டரை. ஊரே திட்டியது. கடைசியில் ஷேர் பாஸ்டனுக்காக ஒரு போட்டிகூட ஆடவில்லை. மூடப்பட்ட வேறொரு அணியின் வீரர்களைப் பங்கிட்டபோது, தொப்பிக்குள் சீட்டுப் போட்டு எடுத்ததில் கூஸி பாஸ்டனுக்கே வந்து சேர்ந்தார். செல்டிக்ஸின் முதல் சூப்பர் ஸ்டார், ரெட் வேண்டாம் என்று ஒதுக்கியவர்!

ஆனாலும் ஷேரின் உரிமையை அவர் வீணாக்கவில்லை. அதைக் கொடுத்து பில் ஷார்மன் என்ற அற்புதமான ஷூட்டரை வாங்கினார். அதே டிராஃப்டில்தான் செல்டிக்ஸ் சக் கூப்பரையும் எடுத்தது. என்.பி.ஏ. அணி ஒன்று டிராஃப்டில் தேர்ந்தெடுத்த முதல் கறுப்பின வீரர் அவர்.

பந்து போடத் தெரியாத பையன்

அடுத்த ஆறு வருஷம் செல்டிக்ஸ் நிறைய பாயின்ட் எடுத்தது. கோப்பை மட்டும் வரவில்லை. கூஸி ஓடுவார், ஷார்மன் போடுவார், சென்டர் எட் மெக்காலி அழகாக ஆடுவார். ஆனால், மெக்காலி ஒல்லி உடம்புக்காரர். கூடையில் பட்டுத் தெறிக்கும் பந்தைப் பிடித்துக்கொடுக்க ஆள் இல்லை. பந்து கைக்கு வந்தால்தானே ஓட முடியும்?

அப்போதுதான் பழைய குரு ரெய்ன்ஹார்ட்டிடமிருந்து தகவல் வந்தது. சான்பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்தில் பில் ரஸ்ஸல் என்று ஒரு பையன் இருக்கிறான், விட்டுவிடாதே என்று. 6 அடி 10 அங்குலம். எதிராளி போடும் பந்தைத் தடுப்பதிலும், தெறித்து வரும் பந்தைப் பறிப்பதிலும் அவனுக்கு இணையே இல்லை. 1955, 1956 என இரண்டு வருஷம் தொடர்ந்து அவன் அணிதான் தேசிய சாம்பியன். ஆனால், தூரத்திலிருந்து பந்து போட வராது. பாயின்ட் கணக்கை மட்டும் பார்ப்பவர்களுக்கு அவன் பாதி வீரன்தான்.

ரெட் வேறு மாதிரி யோசித்தார். பாயின்ட் எடுக்க என்னிடம் ஆள் இருக்கிறது. என்னிடம் இல்லாததுதான் இவனிடம் இருக்கிறது.

சிக்கல், டிராஃப்ட் வரிசையில் ரோச்செஸ்டர் முதல் இடத்திலும் செயின்ட் லூயிஸ் ஹாக்ஸ் இரண்டாவது இடத்திலும் இருந்தன. ரோச்செஸ்டரிடம் மோரிஸ் ஸ்டோக்ஸ் என்ற பெரிய ரீபவுண்டர் ஏற்கெனவே இருந்தார். ரஸ்ஸலுக்குக் கொடுக்க வேண்டிய சம்பளமும் அவர்களைத் தயங்க வைத்தது. பனிச்சறுக்கு நடனக் குழுவின் நிகழ்ச்சிகளை அந்த ஊர் அரங்குக்கு அனுப்பிவைப்பதாக வால்ட்டர் பிரவுன் வாக்குக் கொடுத்தார், அதனால்தான் அவர்கள் ரஸ்ஸலை எடுக்கவில்லை என்றும் ஒரு கதை உண்டு.

மிச்சம் இருந்தது செயின்ட் லூயிஸ். அதன் முதலாளி யார் தெரியுமா? அதே பென் கெர்னர்! ட்ரை-சிட்டீஸ் அணிதான் இடம் மாறி மாறி செயின்ட் லூயிஸுக்கு வந்திருந்தது.

கெர்னர் கேட்டது எட் மெக்காலியை. ஆறு சீசனாக பாஸ்டன் கொண்டாடிய ஸ்டார். பிரவுனுக்கு மனசே வரவில்லை. ஆனால், மெக்காலியே முன்வந்து சம்மதித்தார். செயின்ட் லூயிஸ் அவருடைய சொந்த ஊர். அவருடைய சின்ன மகன் மூளைக்காய்ச்சலால் பாதிக்கப்பட்டிருந்தான். ஊரோடு இருந்தால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளலாம். வரலாற்றின் மிகப்பெரிய டிரேடு என்று இன்று சொல்லப்படுகிற அந்த ஒப்பந்தத்துக்குப் பின்னால், நோயாளிக் குழந்தையின் பக்கத்தில் இருக்க நினைத்த ஓர் அப்பா இருந்தார்.

கெர்னர் அதோடு விடவில்லை. ராணுவ சேவையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த கிளிஃப் ஹேகன் என்ற இளம் வீரரையும் கேட்டார். ரெட் கொடுத்தார். நீங்களா இருந்தா கொடுத்திருப்பீங்களா? தொழில்முறை ஆட்டம் ஒன்றுகூட ஆடாத ஒரு பையனுக்காக, ஒரு ஸ்டாரையும் ஸ்டாராகப்போகிற இன்னொருவரையும்?

கோப்பையும் ஒரு குத்தும்

மெல்போர்ன் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றுவிட்டு 1956 டிசம்பரில் பாஸ்டனுக்கு வந்தார் ரஸ்ஸல். நாலே மாதத்தில் இறுதிச்சுற்று. எதிரே யார்? செயின்ட் லூயிஸ் ஹாக்ஸ்தான்!

மூன்றாவது போட்டிக்கு முன்னால் கூடையின் உயரம் சரியில்லை என்று ரெட் புகார் சொல்ல, கெர்னர் கோபத்தோடு மைதானத்துக்குள் வந்து திட்ட, ரெட் விட்டார் ஒரு குத்து. 300 டாலர் அபராதம். மனிதர் அவ்வளவு நல்ல பிள்ளை இல்லை. நடுவர்களோடு சண்டை, வெளியேற்றம், சம்பளப் பேச்சில் கறார், ஜெயிப்பது உறுதியானதும் ஆட்டம் முடியும் முன்பே பெஞ்சில் உட்கார்ந்து சுருட்டுப் பற்றவைப்பது என எதிரணிகள் அவரை வெறுக்கக் காரணங்கள் நிறைய இருந்தன.

ஏழாவது போட்டி, இரண்டு முறை கூடுதல் நேரத்துக்குப் போனது. 125-123. செல்டிக்ஸுக்கு முதல் கோப்பை. ரஸ்ஸல் எடுத்தது 32 ரீபவுண்டுகள்.

அடுத்த வருஷமே கதை திரும்பியது. 1958 இறுதிச்சுற்றில் ரஸ்ஸலுக்குக் கணுக்காலில் அடிபட, கோப்பையைத் தூக்கியது செயின்ட் லூயிஸ். அந்த அணியில் மெக்காலி, ஹேகன், அட, சார்லி ஷேரும் இருந்தார்கள்! அன்று இந்த டிரேடைப் பற்றி வாக்குவாதம் செய்திருந்தால், இரண்டு ஊர்க்காரர்களும் தாங்கள்தான் ஜெயித்தோம் என்று சொல்லியிருக்கலாம்.

1959-லிருந்து 1966 வரை அந்த வாக்குவாதத்துக்கே இடமில்லாமல் போனது. தொடர்ந்து எட்டுக் கோப்பைகள். ரஸ்ஸல் ஆடிய 13 சீசன்களில் 11 கோப்பைகள். 1966-ல் ரெட் பயிற்சியாளர் பொறுப்பிலிருந்து விலகியபோது, அந்த இடத்தில் ரஸ்ஸலையே உட்கார வைத்தார். என்.பி.ஏ.-வின் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர். பந்து போடத் தெரியாது என்று சொல்லப்பட்ட பையன்தான்.

அதே 1966-ல் ரெட் இன்னொரு டிரேடு செய்தார். இந்த முறை தலைகீழாக. மெல் கவுண்ட்ஸ் என்ற ஏழடி இளைஞரைக் கொடுத்துவிட்டு, அனுபவசாலி பெய்லி ஹவலை வாங்கினார். 1968, 1969 கோப்பைகளில் ஹவலின் பங்கு பெரியது. உயரமாக இருக்கிறான் என்பதற்காகவே ஒருவனைப் பிடித்து வைத்துக்கொள்கிற ஆள் இல்லை ரெட்.

வராமல் போனவர் தந்த வரம்

1980. ரெட்டுக்கு 62 வயது. அணி நிர்வாகம் அவர் கையில். லாரி பேர்ட் வந்துவிட்டார். 61 வெற்றி. ஆனாலும், ஃபிலடெல்பியாவின் உயரமான ஆட்களிடம் தோற்றுப்போனார்கள். திரும்பவும் அதே பிரச்னை.

டிராஃப்டில் முதல் இடம் ரெட்டின் கையில் இருந்தது. அவர் ஆசைப்பட்டது வெர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் முதல் வருஷம் முடித்திருந்த ரால்ஃப் சாம்ப்ஸனை. 7 அடி 4 அங்குலம்! நேரில் போய்ப் பேசிப் பார்த்தார். சாம்ப்ஸன் படிப்பைத் தொடரப்போவதாகச் சொல்லி மறுத்துவிட்டார். ரெட்டுக்குச் செம கோபம்.

கைநழுவிய பிறகுதான் அந்த டிரேடு நடந்தது. முதல் இடத்தையும் 13-வது இடத்தையும் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸுக்குக் கொடுத்தார். பதிலுக்கு மூன்றாவது இடமும், ராபர்ட் பாரிஷ் என்ற ஏழடி சென்டரும். நாலு சீசன் ஆடியும் பாரிஷின் திறமை முழுசாக வெளியே வரவில்லை என்று வாரியர்ஸ் நினைத்தது. செல்டிக்ஸ் பயிற்சியாளர் பில் ஃபிட்ச், அவர் மேல் நம்பிக்கை வைத்திருந்தார். மூன்றாவது இடத்தில் ரெட் எடுத்தது கெவின் மெக்ஹேலை.

முதல் இடத்தில் வாரியர்ஸ் எடுத்த ஜோ பேரி கரோல் மோசமான வீரர் இல்லை. ஒரு சீசனில் சராசரியாக 24 பாயின்ட் எடுத்தவர். ஆனால், பாரிஷும் மெக்ஹேலும் பேர்டோடு சேர்ந்து 1981, 1984, 1986 என மூன்று கோப்பைகளைத் தூக்கினார்கள். சாம்ப்ஸனோ, முழங்கால் காயங்களால் சீக்கிரமே ஓய்ந்துபோனார். அன்று அவர் சரி என்று சொல்லியிருந்தால், செல்டிக்ஸுக்கு இந்த இருவரும் கிடைத்திருக்கவே மாட்டார்கள்.

கணக்கில் வராதது

1986 டிராஃப்டில் ரெட்டுக்கு இரண்டாவது இடம் கிடைத்தது. அதுவும் இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு கார்டைக் கொடுத்து வாங்கி வைத்திருந்த வாய்ப்பு. சாம்பியன் அணிக்கு அப்படியோர் இடமா என்று மற்ற அணிகள் வயிறெரிந்தன. மேரிலாண்டின் லென் பயஸை எடுத்தார். 22 வயது. பேர்டுக்குப் பிறகு இந்தப் பையன்தான் என்று எல்லோரும் பேசினார்கள்.

தேர்வான இரண்டாவது நாள், ஜூன் 19 காலையில் பயஸ் இறந்துபோனார். போதைப்பொருள் இதயத்தை நிறுத்திவிட்டது. எத்தனை டிரேடு கணக்குப் போட்டாலும், கணக்கின் அந்தப் பக்கம் இருப்பது ஓர் இளைஞனின் உடம்பும் உயிரும்தான். அதன் பிறகு ரெட் உயிரோடு இருந்த இருபது வருஷத்தில் செல்டிக்ஸ் கோப்பையைத் தொடவே இல்லை.

வீட்டுக் கணக்கு ஒன்றும் உண்டு. மனைவியும் இரண்டு மகள்களும் வாஷிங்டனில் இருக்க, ரெட் பாஸ்டனில் ஹோட்டல் அறையில் வாழ்ந்தார். சீனச் சாப்பாட்டுப் பொட்டலம், சுருட்டு, அடுத்த ஆட்டம் பற்றிய யோசனை. பிள்ளைக்காக ஊர் திரும்பிய மெக்காலியையும், ஆட்டத்துக்காக ஊரை விட்டு இருந்த ரெட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்த டிரேடில் யாருக்கு லாபம் என்பதற்குக் கோப்பைகள் மட்டும் பதில் சொல்லிவிட முடியாது.

2006 அக்டோபர் 28-ம் தேதி, 89-வது வயதில் ரெட் மறைந்தார். பயிற்சியாளராக 9, நிர்வாகியாகவும் சேர்த்து மொத்தம் 16 கோப்பைகள். பாஸ்டனின் ஃபேன்யூல் ஹால் சந்தையில், கையில் சுருட்டோடு பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அவர் சிலையை இன்றும் பார்க்கலாம். பக்கத்தில் இடம் காலியாக இருக்கும். நீங்களும் உட்கார்ந்துக்கலாம்.

இன்னொரு விஷயம். மெக்காலி அணிந்த 22-ம் எண்ணை 1963-ல் செல்டிக்ஸ் நிரந்தரமாக ஓய்வு கொடுத்துக் கௌரவித்தது. கொடுத்து அனுப்பிய வீரரை அந்த அணி மறக்கவில்லை.

அடுத்த முறை ஏதோ ஓர் ஏழடிப் பையனுக்காக நண்பர்களோடு மல்லுக்கட்டும்போது, அவன் எத்தனை பாயின்ட் எடுப்பான் என்று மட்டும் பார்க்காதீங்க. நம்மிடம் இல்லாத எது அவனிடம் இருக்கிறது? அவனுக்காக அனுப்பப்போகும் மனிதர் யார், அவர் எந்த ஊருக்கு, எந்த வீட்டுக்குப் போகிறார்? இதையும் கேட்டுப் பாருங்க. சண்டை இன்னும் கொஞ்சம் நீளும். பரவாயில்லை, நல்ல சண்டையாக இருக்கும்.