கணக்கேட்டில் காத்த விரதம்

தஞ்சையில் 1892-ஆம் ஆண்டு கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தவர் ஜே.சி. குமரப்பா. இலண்டனில் கணக்காய்வு பயின்று பம்பாயில் தொழில் நடத்திய அவர், 1929-இல் காந்தியடிகளைச் சந்தித்தபின் கதருடுத்தினார்.

1934 சனவரியில் பீகாரை நிலநடுக்கம் குலைத்தது. இராசேந்திர பிரசாத் முன்னின்று திரட்டிய நிவாரண நிதியின் கணக்குப் பொறுப்பைக் குமரப்பா ஏற்றார். துயருற்றோர்க்கென ஈந்த பொருள் வேறெதற்கும் செல்லலாகாது என்பது அவர் கொள்கை. தொண்டரின் ஒருநாள் உணவுக்கு மூன்றணா என வரையறுத்தார். காந்தியடிகளும் குழுவினரும் அங்கு வந்தபோது, அவர்தம் செலவையும் அந்நிதியில் எழுத மறுத்துவிட்டார். அடிகளார் அதனை மனமுவந்து ஏற்றார். கள்ளாமையும் மிகுபொருள் விரும்பாமையும் அணுவிரதமெனக் கேட்டு வளரும் சமணக் குடும்பங்களுக்கு இக்கொள்கை புதிதன்று; எனினும், பெருமதிப்பிற்குரியவர் முன்னிலையில், பொதுப்பணத்தில் அதனைக் காத்தல் அரிதினும் அரிது. இறுகிய மனத்தர் என்று அவரைக் குறைகூறுவோர் இதனை எண்ணிப் பார்ப்பதில்லை.

அவ்வாண்டுத் திசம்பரில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் தோன்றியது; வார்தாவின் மகன்வாடி அதன் இருப்பிடமாயிற்று. செக்காட்டுவோர்க்கும் கைக்காகிதம் செய்வோர்க்குமாகப் பிறர் நம்பித் தரும் பணம் அச்சங்கத்தின் கைவழியே செல்லவேண்டியிருந்தது. அதன் அமைப்பாளராகவும் செயலாளராகவும் காந்தியடிகள் அமர்த்தியது, தம் செலவுக்கு மறுப்புரைத்த அந்தக் கணக்கரையே.