உராய்வை அளந்த பொறியாளர்

மின்னூட்டத்தின் அலகாகிய கூலூம் என்னும் பெயரை அறிவியல் மாணவர் அனைவரும் அறிவர். அப்பெயருக்கு உரியவர், மின்விசையை அளப்பதற்கு முன்னரே கப்பல் கட்டும் தளத்தில் உராய்வு விசையை அளந்தவர் என்பதைப் பலர் அறியார்.

சார்லஸ் அகஸ்டின் டி கூலூம் 1736ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் அங்குலேம் நகரில் பிறந்தார். மெசியேர் நகரின் பொறியியல் பள்ளியில் பயின்று படைப் பொறியாளரானார். 1764இல் கரீபியக் கடலிலுள்ள மார்தினிக் தீவில் கோட்டை கட்டும் பணிக்கு அனுப்பப்பட்டார். எட்டு ஆண்டுகள் அங்கு உழைத்தார்; பலமுறை கடும் நோயுற்றார்; நலிந்த உடலோடு 1772இல் தாயகம் திரும்பினார். ஆயினும் அவரது ஆய்வு வேட்கை நலியவில்லை.

அக்காலத்தில் புதிய கப்பல்களைக் கொழுப்பு பூசிய சாய்தளத்தின் வழியே கடலில் இறக்குவர். உராய்வு மிகுந்தால் கப்பல் நடுவழியில் நின்றுவிடும். 1699இல் அமோந்தோன் உராய்வின் விதிகளைக் கூறியிருந்தார். எனினும், பெரும் பாரங்களுக்கு அவை பொருந்துமா என்பது தெளிவாகவில்லை. ஆகவே, உராய்வையும் கயிறுகளின் விறைப்பையும் ஆராய்வோர்க்குப் பாரிஸ் அறிவியல் கழகம் பரிசு அறிவித்தது.

1779இல் ரோஷ்ஃபோர் துறைமுகத்திற்குப் பணிமாற்றம் பெற்ற கூலூம், அங்கிருந்த கப்பல் தளத்தையே தம் ஆய்வுக்கூடமாக்கிக்கொண்டார். உறுதியான மரமேசைமீது, பல நூறு இராத்தல் பாரமேற்றிய சறுக்குப் பலகையை வைத்தார். அதில் கட்டிய கயிற்றைக் கப்பிமீது செலுத்தி, மறுமுனையில் எடைத்தட்டைத் தொங்கவிட்டார். பலகை நகரும்வரை தட்டில் எடைகளைக் கூட்டினார். அது நகர்ந்தபின், பாதையின் முற்பாதியையும் பிற்பாதியையும் கடக்கும் நேரங்களைத் தனித்தனியே குறித்தார். மரத்தின்மீது மரம், மரத்தின்மீது உலோகம் என மாற்றியும், உலர்ந்த பரப்பு, கொழுப்பு பூசிய பரப்பு, பூசித் துடைத்த பரப்பு என வேறுபடுத்தியும் ஆய்வைத் தொடர்ந்தார்.

மரப்பரப்புகள் சற்று நேரம் அசையாது கிடந்தால் அவற்றைப் பெயர்க்கக் கூடுதல் விசை வேண்டும் என்பதையும், நகரத் தொடங்கியபின் உராய்வு பெரும்பாலும் வேகத்தைச் சார்ந்திராது என்பதையும் அவர் கண்டறிந்தார். 1781இல் பரிசும் அறிவியல் கழக உறுப்பினர் பதவியும் அவரை வந்தடைந்தன.

பெரும் பாரங்களைக் கையாண்ட அவரே, 1785இல் மெல்லிய கம்பியில் தொங்கும் முறுக்குத் தராசினால் மின்விசையின் விதியை நிறுவினார். முதுமையில் அத்தகைய கம்பியில் வட்டத்தகட்டைத் தொங்கவிட்டு, நீரிலும் எண்ணெயிலும் அலைவுறச் செய்து, பாய்மங்களின் உள் உராய்வை ஆராய்ந்தார். தகட்டில் கொழுப்பைப் பூசியபோதும் தடையில் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. தடை, பாய்மத்தின் உள்ளேயே எழுகிறது என்பது இதனால் புலனாயிற்று.

1806இல் கூலூம் மறைந்தார். 1881இல் பாரிஸில் கூடிய மின்னியல் மாநாடு மின்னூட்ட அலகுக்கு அவர் பெயரைச் சூட்டியது. எனினும், இயந்திரங்களின் உராய்வைக் கணக்கிடும் பொறியாளர்கள் இன்றும் முதலில் எடுத்தாள்வது, அவர் அந்த மரமேசையில் கண்ட விதிகளையே.