திரும்பி வராத விமானங்களையும் எண்ணியவர்: யார் இந்த ஆபிரகாம் வால்ட்?

கோத்தா திங்கியில் ஏதாவது ஒரு மோட்டார் பட்டறைக்குள் எட்டிப் பாருங்கள். செம்பனைத் தோட்டச் சாலைகளில் ஓடித் தேய்ந்த கப்சாய்கள் வரிசையாக நிற்கும். ஒரே மாடலில் நாலு வண்டிக்கு ஒரே கோளாறு என்றால், அந்த மாடலே சரியில்லை என்று சொல்லிவிடுவோம். ஆனால், பட்டறைப் பக்கமே வராமல் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் அதே மாடல் வண்டிகள் எத்தனை? நாற்பதா, நாலாயிரமா? அது தெரியாமல் 'நாலு' என்ற எண்ணை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

ஒரு புதிய பொருள் எவ்வளவு காலம் உழைக்கும் என்று கணிக்கும் மென்பொருள்களுக்கும் இதே தலைவலிதான். பழைய மாடல்கள் மக்கள் கையில் எப்போது, எப்படிப் பழுதாயின என்ற பதிவுகளை அவற்றுக்குக் கொடுக்கிறார்கள். ஆய்வுக்கூடச் சோதனையைவிட நிஜ வாழ்க்கைக்கு நெருக்கமான தகவல் அது. ஆனால் முழுமையான தகவல் இல்லை. வாரண்டி முடிந்த பிறகு நாம் எங்கே போகிறோம்? பக்கத்துக் கடைக்குத்தானே! அந்தப் பழுது நிறுவனத்தின் பதிவில் ஏறவே ஏறாது.

கண்ணில் படாத இந்தப் பக்கத்தைக் கணக்குக்குள் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒருவர் ஆபிரகாம் வால்ட். அவர் உயிர் பிரிந்தது நீலகிரி மலையில்.

கதவுகள் மூடிய வியன்னா

வால்ட் 1902 அக்டோபர் 31 அன்று, அப்போது ஆஸ்திரியா-ஹங்கேரிப் பேரரசில் இருந்த கொலோஷ்வார் நகரில் பிறந்தார். இன்று அது ருமேனியாவின் குளுஜ். குடும்பம் யூத மத நெறிகளை விடாமல் கடைப்பிடித்தது. சனிக்கிழமையும் பள்ளி நடந்ததால், சிறுவன் வால்டுக்கு வீட்டிலேயே பாடம்.

வியன்னா பல்கலைக்கழகத்தில் 1931இல் கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். பேராசிரியர் கார்ல் மெங்கர் அவர் திறமையை நன்கு அறிந்தவர். ஆனாலும் யூதர் என்பதால் பல்கலைக்கழக வேலை கிடைக்கவில்லை. ஒரு வங்கியாளருக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்தும், பொருளாதார ஆய்வுகளில் உதவியும் காலம் தள்ளினார். பட்டம் படித்துவிட்டு டியூஷன் எடுத்துப் பிழைக்கும் கதை நமக்கு ஒன்றும் புதிதில்லையே.

1938இல் ஹிட்லரின் ஜெர்மனி ஆஸ்திரியாவை விழுங்கியது. அமெரிக்காவிலிருந்து வந்த ஓர் ஆய்வு அழைப்பு அவரைக் காப்பாற்றியது. ஐரோப்பாவிலேயே இருந்துவிட்ட அவர் குடும்பத்தில் பெரும்பாலோர் நாஜிகளின் இன அழிப்பில் கொல்லப்பட்டார்கள்.

400 விமானங்கள் கணக்கு

இரண்டாம் உலகப் போரின்போது நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இயங்கிய புள்ளியியல் ஆய்வுக் குழுவில் வால்ட் இருந்தார். 1943இல் அங்கே எட்டுக் குறிப்புகள் எழுதினார். போரிலிருந்து திரும்பிய விமானங்களில் பதிந்திருக்கும் குண்டுத் துளைகளை வைத்து, விமானத்தின் எந்தப் பகுதி பலவீனமானது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதுதான் கேள்வி.

அவர் எடுத்துக்கொண்ட கற்பனை உதாரணம் இது. 400 விமானங்கள் போகின்றன, 380 திரும்புகின்றன. அதில் 320 விமானங்களில் ஒரு கீறல்கூட இல்லை. 32இல் ஒரு துளை, 20இல் இரண்டு, 4இல் மூன்று, 2இல் நான்கு, இன்னும் 2இல் ஐந்து. மீதி 20 விமானங்கள் திரும்பவே இல்லை. அவற்றை யாரும் பரிசோதிக்க முடியாது.

வால்ட் அந்த இருபதையும் சமன்பாட்டுக்குள் இழுத்தார். பகைவரின் குண்டு குறிபார்த்து இன்ஜினைத் தவிர்க்காது; பரப்பளவுக்கு ஏற்றபடி எல்லா இடத்திலும் படும். அப்படியிருந்தும், திரும்பிய விமானங்களின் இன்ஜினில் துளைகள் குறைவு என்றால், இன்ஜினில் அடிபட்டவை வழியிலேயே விழுந்துவிட்டன என்று பொருள். அவர் உதாரணக் கணக்கிலும் இன்ஜின்தான் மிகப் பலவீனமான பகுதி.

துளை அதிகம் இருந்த இடத்தில் கவசம் போடக் கிளம்பிய ராணுவ அதிகாரிகளை வால்ட் ஒரே வாக்கியத்தில் தடுத்ததாக டிக்டாக்கில் ஒரு கதை சுற்றும். அந்தக் குறிப்புகளில் அப்படி ஒரு காட்சியே இல்லை. பக்கம் பக்கமாகச் சமன்பாடுகள்தான். சிவப்புப் புள்ளிகளோடு பகிரப்படும் விமானப் படமும் அவர் வரைந்தது கிடையாது. பிற்காலத்தில் வேறு யாரோ செய்தது. கதையைவிடக் கணக்குதான் சுவாரசியம் என்பேன்.

இன்றைய கணிப்பு மென்பொருள்களும் இந்தத் தர்க்கத்துக்கு நெருக்கமாகத்தான் நடக்கின்றன. இன்னும் பழுதாகாத பொருள்களை ஒதுக்குவதில்லை. இத்தனை மாதம் வரை தாக்குப்பிடித்தது என்று அவற்றையும் சேர்த்துக்கொள்கின்றன. பழுதானவற்றை மட்டும் வைத்துச் சராசரி எடுத்தால், பொருளின் ஆயுள் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும்.

அதே குழுவில் வால்ட் செய்த இன்னொரு வேலையும் பெரியது. ஆயுதத் தொழிற்சாலையில் இத்தனை பொருளைச் சோதிக்க வேண்டும் என்று முன்பே எண்ணிக்கை வைக்காமல், ஒவ்வொன்றாகச் சோதித்து, போதுமான ஆதாரம் கிடைத்ததும் நிறுத்தும் முறை அது. சோதனைச் செலவு வெகுவாகக் குறைந்தது. போர்க்காலத்தில் ரகசியமாக இருந்த இந்த முறை 1947இல் புத்தகமாக வந்தது. இன்று மருந்துச் சோதனைகளிலும் இதன் வழிவந்த முறைகள் உண்டு.

நீலகிரியில் முடிந்த பயணம்

1950இல் இந்திய அரசின் அழைப்பில் வால்ட் விரிவுரைப் பயணம் வந்தார். மனைவி லூசிலும் உடன் வந்தார். டிசம்பர் 13 அன்று அவர்கள் போன ஏர் இந்தியா விமானம் நீலகிரி மலையில் மோதியது. இருவருமே இறந்துபோனார்கள். வால்டுக்கு வயது 48. அமெரிக்காவில் பெற்றோரை இழந்து நின்ற இரு பிள்ளைகளில் ஒருவர் ராபர்ட் வால்ட். பின்னாளில் ஈர்ப்பு விசை ஆய்வில் பெயர்பெற்ற இயற்பியலாளர்.

அந்த எட்டுக் குறிப்புகளும் ஒரே தொகுப்பாக மறுபதிப்பானது 1980இல். வால்ட் இறந்து அப்போது முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.