எதிரியையும் பராமரித்த தாதி: ஈடித் கவெல்

1915 ஒக்டோபர் 12ஆம் திகதி அதிகாலை, ஜேர்மன் படைகளின் பிடியிலிருந்த பிரசல்ஸ் நகரில் ஒரு தாதி சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் பெயர் ஈடித் கவெல். வயது 49.

இங்கிலாந்தின் நோர்போக் பகுதியில் 1865ஆம் ஆண்டு ஒரு மதகுருவின் மகளாகப் பிறந்தவர் கவெல். லண்டனில் தாதியர் பயிற்சியில் சேர்ந்தபோது அவருக்கு வயது முப்பது. 1907இல், பிரசல்ஸில் ஆரம்பிக்கப்பட்ட தாதியர் பாடசாலைக்குப் பொறுப்பாளரானார். பெல்ஜியத்தில் அதுவரை நோயாளர் பராமரிப்பு பெரும்பாலும் கன்னியாஸ்திரிகளின் கைகளிலேயே இருந்தது. அதனைப் பயிற்சி பெற்ற பெண்களின் தொழிலாக மாற்றியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு.

1914இல் முதலாம் உலகப்போர் மூண்டபோது, தாயாரைப் பார்ப்பதற்காக அவர் இங்கிலாந்து சென்றிருந்தார். பாதுகாப்பாக அங்கேயே தங்கியிருக்கலாம். ஆனால் பிரசல்ஸுக்குத் திரும்பினார். அவரது பாடசாலை செஞ்சிலுவைச் சங்க வைத்தியசாலையானது. காயப்பட்டவர் எந்தச் சீருடையில் வந்தாலும் நோயாளியே என்று மாணவிகளுக்குக் கற்பித்தார். ஜேர்மன் சிப்பாய்களும் அங்கே பராமரிக்கப்பட்டனர்.

அதே மனச்சாட்சிதான் அவரை ஆபத்துக்குள்ளும் இட்டுச் சென்றது. தமது படைகளிலிருந்து பிரிந்து ஒளிந்து திரிந்த பிரித்தானிய, பிரெஞ்சுச் சிப்பாய்கள் அவரிடம் அடைக்கலம் தேடி வந்தனர். அவர்களை மறைத்து வைத்து, நடுநிலை நாடான ஒல்லாந்துக்குத் தப்பிச் செல்ல உதவினார். இவ்வாறு தப்பியவர்கள் சுமார் 200 பேர்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. செஞ்சிலுவைக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, அது எப்பக்கமும் சாராதது என்ற நம்பிக்கையில் தங்கியிருக்கிறது. தப்பிய சிப்பாய் மீண்டும் துப்பாக்கி ஏந்தக்கூடும். ஆனால் கதவைத் தட்டியவரைத் திருப்பி அனுப்பினால் அவர் கொல்லப்படலாம். கவெல் உயிரின் பக்கம் நின்றார்.

1915 ஓகஸ்ட் 5ஆம் திகதி கைதான அவர், தான் செய்ததை விசாரணையில் மறைக்கவில்லை. அந்த வாக்குமூலமே அவருக்கு எதிரான பிரதான சான்றாயிற்று. அமெரிக்க, ஸ்பானிய இராஜதந்திரிகள் கருணை கோரியும் பலன் கிட்டவில்லை.

நாட்டுப்பற்று மட்டும் போதாது, எவர் மீதும் வெறுப்புக் கொள்ளலாகாது என்பதே கடைசி இரவில் தன்னைச் சந்தித்த மதகுருவிடம் அவர் சொன்னதன் சாரம். ஆனால் பிரித்தானியாவில் அவரது மரணம் பழிதீர்க்க ஆள்சேர்க்கும் சுவரொட்டியானது. 1920இல் லண்டனில் திறக்கப்பட்ட அவரது சிலையில்கூட அந்தக் கடைசி வார்த்தைகள் இருக்கவில்லை. பெண்கள் அமைப்பொன்று கோரிய பின்னர், 1924இல்தான் அவை பொறிக்கப்பட்டன. அவரை வீராங்கனையாக்க நாட்டுக்கு அதிக காலம் எடுக்கவில்லை. அவரது மனச்சாட்சியைக் கல்லில் எழுதத்தான் ஒன்பது ஆண்டுகள் தேவைப்பட்டன.