தமிழில் மருத்துவம் பயிற்றிய கிறீன்

சாமுவேல் பிஸ்க் கிறீன் என்பார் 1822 ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டில், மாசாச்சுசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில் பிறந்தார். நியூயார்க்கில் மருத்துவம் கற்றுத் தேர்ந்த அவர், கிறித்துவ சமயத் தொண்டை மேற்கொண்டு 1847 இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். மறு ஆண்டே மானிப்பாயில் தங்கி, நோயாளரைப் பேணவும் தமிழ் இளைஞர்க்கு மருத்துவம் பயிற்றவும் தலைப்பட்டார்.

பாடம் முதலில் ஆங்கிலத்தில் நடந்தது. ஆங்கிலம் வல்ல மாணவரோ, கல்வி முடிந்ததும் அரசாங்க அலுவலை நாடினர். சிற்றூர்கள் மருத்துவரின்றிக் கிடந்தன. தாய்மொழியில் கற்றவரே தம்மூரில் தங்கித் தொண்டு செய்வர் எனக் கிறீன் துணிந்தார். 1864 முதல் வகுப்பு முழுவதும் தமிழிலேயே நடைபெறலாயிற்று.

பாடத்திற்கு நூல் வேண்டும். நூலுக்குச் சொல் வேண்டுமன்றோ? அவர் முதலில் தமிழ்ச் சொல்லைத் தேடினார். அது கிடையாதவிடத்து வடசொல்லை நாடினார். அதுவும் உதவாதபோதே ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கு இயையத் திரித்துக்கொண்டார். அங்காதிபாதம் என்பது உடலின் உறுப்பமைப்பைக் கூறும் கலை. சுகரணம் அவ்வுறுப்புகளின் தொழிலைக் கூறுவது. கெமிஸ்தம் நாம் வேதியியல் என வழங்குவது. இவை இன்று நம் செவிக்குப் புதியனவாய் ஒலிக்கின்றன. உடற்கூறியல், உடலியங்கியல் என்பன முன்னிரண்டின் இடத்தைப் பெற்றுவிட்டன. ஆயினும் அவர் அறுவை மருத்துவ நூலுக்கு இட்ட பெயரைப் பாருங்கள்: இரண வைத்தியம்! மரக்காணத்து உப்புப் பாத்திகளில் உவர்நீரில் நின்று உழைப்பவரின் காற்புண் எளிதில் ஆறுவதில்லை. ஏடறியாத அவரும் ரணம் என்ற சொல்லை அறிவார். மக்கள் வாயிலுள்ள சொல் இருக்கையில் கிறீன் புதுச்சொல் தேடி அலையவில்லை. இதுவே அவர் முறையின் சிறப்பு எனலாம்.

1857 இல் பிரசவ வைத்தியமும், 1867 இல் இரண வைத்தியமும், 1872 இல் மனுஷ அங்காதிபாதமும் அச்சேறின. மொழிபெயர்ப்பில் அவர்தம் தமிழ் மாணாக்கரும் பெரும்பங்கு கொண்டனர். அவரிடம் பயின்று மருத்துவரானோர் 60 பேருக்கு மேற்பட்டவர். கிறித்துவராயினும் தம் மாணாக்கர் உடையிலும் வழக்கத்திலும் தமிழராகவே இருத்தல் வேண்டும் என்பது அவர் விருப்பம்.

1873 இல் உடல்நலம் குன்றியமையால் கிறீன் தாயகம் திரும்பினார். அங்கிருந்தும் தமிழ்ப்பணியை விட்டாரில்லை. கெமிஸ்தம் 1875 இலும், மனுஷ சுகரணம் 1883 இலும் வெளிவந்தன. மறு ஆண்டு அவர் வூஸ்டரில் மறைந்தார். தமிழருக்கு மருத்துவ ஊழியர் என்னும் பெயரே, அவர் விரும்பியவாறு, அவர் கல்லறையில் பொறிக்கப்பட்டது.