கரோலின் நார்ட்டன் அம்மையார்

கணவனும் மனைவியும் ஒருங்கு வாழ்தல் இயலாதாயின், அவர்தம் மக்கள் யார்பால் வளர்தல் வேண்டும் என்னும் வினா இன்று நம் நாட்டு நீதிமன்றங்களிலே குழந்தையின் நலன் ஒன்றனையே தலையாகக் கொண்டு ஆராயப்படுகின்றது. இங்கிலாந்திலோ 1839-ஆம் ஆண்டு வரை அவ்வினா எழுதற்கே இடமில்லை. மக்கள் தந்தைக்கே உரியர் என்பது அந்நாட்டுச் சட்டம். 1804-ஆம் ஆண்டில் ஒருவன் தன் மனைவியின் மார்பிலே பால் உண்டுகொண்டிருந்த எட்டுத்திங்கட் குழவியைப் பறித்துச் சென்றான். தாய் நீதிமன்றத்தை அடைந்து முறையிட்டாள். தந்தையின் உரிமையிலே தலையிடுதற்குக் காரணம் காணோம் என்று நீதிபதிகள் அவளை வறிதே அனுப்பிவிட்டனர். இத்தகைய தாயர் பலருள் ஒருவராய்த் துன்புற்று, துன்பத்தோடு அமையாது எழுதுகோலை எடுத்துச் சட்டத்தையே அசைத்த ஒரு பெண்மணியின் வரலாற்றை நாம் ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

கரோலின் 1808-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 22-ஆம் நாள் இலண்டன் மாநகரிலே பிறந்தார். நாடக ஆசிரியரும் பார்லிமெண்டுச் சொல்வல்லாருமாகிய ரிச்சர்டு பிரின்ஸ்லி ஷெரிடன் இவருடைய பாட்டனார். தந்தையார் தாமஸ் ஷெரிடன் நன்னம்பிக்கை முனையில் அரசாங்க அலுவல் பார்க்கச் சென்று 1817-இல் அங்கேயே உயிர் நீத்தார். பொருளின்றி நின்ற குடும்பத்திற்கு ஹாம்டன் கோர்ட்டு அரண்மனையிலே சில அறைகள் உறைவிடமாக அளிக்கப்பட்டன. ஹெலன், கரோலின், ஜார்ஜியானா என்னும் பெண்மக்கள் மூவரும் அழகாலும் கூர்த்த மதியாலும் பெயர் பெற்றனர். மூத்தவராகிய ஹெலனின் மைந்தரே 1884 முதல் 1888 வரை இந்தியாவில் இராஜப் பிரதிநிதியாயிருந்த டப்ரின் பிரபு. ஆகவே நம் அம்மையார் அவருக்குச் சிறிய தாயார் ஆவர்.

1827-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள் ஜார்ஜ் நார்ட்டன் என்னும் பாரிஸ்டருக்குக் கரோலின் மணஞ்செய்து கொடுக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது பத்தொன்பது. இதனை எழுதும் நமக்கும் இப்போது அவ்வயதே ஆதலின், வாழ்நாள் முழுவதையும் பிணிக்கும் ஓர் உடன்பாட்டிற்கு அவ்வயது எவ்வளவு பக்குவமுடையது என்பதை நாம் நன்கு அறிவோம். சீதனம் மிகுதியாகக் கொடுக்க இயலாத வீட்டுப்பெண். தமையன் கிராண்ட்லி பிரபுவின் செல்வத்திற்குத் தாமே வாரிசாகலாம் என்னும் நம்பிக்கையில் வாழும் மணமகன். கணவர் சோம்பர், சினத்தை அடக்கமாட்டாதவர். மணந்த சின்னாட்களிலேயே மனைவியை அடிக்கத் தொடங்கினார்.

கரோலினோ எழுத்தினால் பொருள் ஈட்டினார். 1829-இலும் 1830-இலும் அவர் இயற்றிய செய்யுள் நூல்கள் வெளிவந்து நன்கு விலைபோயின, பத்திரிகைகளுக்கும் எழுதினார். அவ்வருவாய் குடும்பச் செலவிற்கே சென்றது. கணவருக்கு ஓர் அலுவல் வேண்டுமெனத் தம் குடும்பத்தின் நண்பரும் உள்நாட்டு மந்திரியுமாகிய மெல்பர்ன் பிரபுவை அவர் வேண்ட, 1831-இல் ஜார்ஜ் நார்ட்டன் இலண்டனிலே மாஜிஸ்திரேட்டு ஆனார். மெல்பர்ன் பிரபு அவர்கள் இல்லத்திற்கு அடிக்கடி வந்து போவார். கணவர் அவ்வரவினை விரும்பினாரேயன்றி வெறுத்திலர்.

ஒருமுறை கொடுமை பொறாது கரோலின் வீட்டைவிட்டுத் தம் உற்றாரிடம் சென்றார். கணவர் மன்றாடவே மீண்டும் வந்துவிட்டார். இதனை ஈண்டு நினைவிற் கொள்ளுதல் வேண்டும்; பின்னே பயன்படும்.

1836-ஆம் ஆண்டு இளவேனிலில் ஒருநாள் அம்மையார் வீட்டில் இல்லாத வேளையிலே ஜார்ஜ் நார்ட்டன் மக்கள் மூவரையும் வண்டியேற்றி அப்புறப்படுத்திவிட்டார். பிளெச்சருக்கு வயது ஆறு, பிரின்ஸ்லிக்கு நான்கு, வில்லியத்திற்கு இரண்டு. வீட்டுக் கதவும் மனைவிக்கு அடைக்கப்பட்டது. பின்னர் அவர் மெல்பர்ன் பிரபுவின்மீது, தம் மனைவியோடு கூடாவொழுக்கம் கொண்டார் எனக் குற்றஞ்சாட்டிப் பதினாயிரம் பவுன் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுத்தார். மெல்பர்ன் அப்போது முதன்மந்திரி. நாடு முழுவதும் இதுவே பேச்சாயிற்று.

ஜூன் 22-ஆம் நாள் வழக்கு நடந்தது. குடித்துக் கெட்டு வேலையினின்றும் நீக்கப்பட்ட வண்டியோட்டி ஒருவன் முதலாயினோர் சாட்சி கூற வந்தனர். ஜூரிமார் தம் இருக்கையைவிட்டு எழாமலேயே பிரபு குற்றமற்றவர் எனத் தீர்ப்பளித்தனர். அன்று செய்தி எழுதுவோராய் அங்கே அமர்ந்திருந்தவர் இளைஞர் சார்லஸ் டிக்கின்ஸ். அவர்தம் பிக்விக் நாவலில் வரும் நகைப்பிற்கிடமான வழக்கு இதனைக் கண்டதன் பயன் என்பர். ஆயின், எவருடைய மானம் அம்மன்றத்திலே பொழுது முழுதும் அலசப்பட்டதோ அப்பெண்மணி அங்கு இல்லை. அவ்வழக்கில் அவர் ஒரு திறத்தார் அல்லர். தமக்கென ஒரு வழக்குரைஞரை அமர்த்தவோ, ஒரு சொற் கூறவோ சட்டம் இடந்தரவில்லை. தனியொருத்தியாய்ப் பாண்டியன் அவையேறிச் சிலம்பை உடைத்துக் காட்டிய கண்ணகியின் வழக்குரை காதையை வகுப்பிலே பயின்ற நமக்கு இது பெருவியப்பைத் தருகின்றது. மதுரைக் காவலன் மன்றத்தில் அவளுக்கு வாயேனும் இருந்தது.

வென்றவர் மெல்பர்ன். கரோலினுக்கோ அவ்வெற்றியே விலங்காயிற்று. அக்காலத்து மணவிலக்குப் பெற விரும்பும் கணவன் மூன்று படிகள் ஏறவேண்டும். மனைவியோடு தவறியவன்மீது இழப்பீட்டு வழக்கில் வெல்லுதல் ஒன்று. திருச்சபை நீதிமன்றத்திலே பிரிந்து வாழ ஆணை பெறுதல் ஒன்று. பார்லிமெண்டிலே தன் பொருட்டெனத் தனிச்சட்டம் ஒன்று நிறைவேற்றுவித்தல் மற்றொன்று. செல்வர்க்கன்றி இஃது எட்டாது. 1857-க்கு முன் இவ்வழியே விடுதலை பெற்ற பெண்டிர் நால்வரே. முதற்படியிலேயே கணவர் தோற்றமையின் அவர் இவரை விலக்க இயலாது. கொடுமையைக் காட்டித் திருச்சபை மன்றத்தில் இவர் பிரிவாணை பெறலாமோ எனின், அடித்த கணவனிடம் திரும்பிச் சென்ற அன்றே அக்கொடுமையை மன்னித்துவிட்டார் என்று சட்டம் கொள்ளுமாம். ஆக மனைவியும் அல்லர், விடுதலை பெற்றவரும் அல்லர். மக்களைக் காண வழியுண்டோ என்று அவர் நியாயவாதிகளை உசாவினார். தந்தை இசைந்தாலன்றி இல்லை என்பதே அவர் பெற்ற விடை.

இவ்விடத்திலேதான் அம்மையாரின் பெருமை தொடங்குகின்றது என்பது நம் கருத்து. சட்டநூல்களைத் தாமே வாங்கிப் பயின்றார். பழைய தீர்ப்புக்களைத் திரட்டினார். 1837-இலும் 1838-இலும் தாயின் இயற்கை உரிமையைப் பற்றிச் சிறு நூல்கள் எழுதிப் பார்லிமெண்டு உறுப்பினரிடையே பரப்பினார். 1839-இல் பியர்ஸ் ஸ்டீவன்ஸன் என்னும் ஆண்பெயரை மேற்கொண்டு சான்சலருக்கு ஒரு விண்ணப்பம் வரைந்தார். பெண் எழுதியது என்றறிந்தால் வாதத்தை நோக்காது ஆளை நோக்குவர் என்பதை அவர் அறிந்திருந்தார். தால்பர்டு என்னும் வழக்கறிஞர் காமன்ஸ் சபையிலே மசோதாவைக் கொணர்ந்தார். 1838-இல் அச்சபை ஏற்றதைப் பிரபுக்கள் சபை தள்ளிவிட்டது. அவ்வாண்டிலே ஒரு பத்திரிகை அம்மையாரைப் பேயெனத் தூற்றி எழுதிற்று. மானநட்ட வழக்கிடலாமோ எனின் அதுவும் இயலாது; மணமான பெண் தன் பெயரால் வழக்கிடுதல் சட்டத்திற்கு ஒவ்வாது.

1839-ஆம் ஆண்டிலே மசோதா சட்டமாயிற்று. ஏழு வயதிற்குட்பட்ட மக்களைத் தம்பால் வைத்துக்கொள்ளவும், அதற்கு மேற்பட்ட சிறாரைக் காணவும் தாயர் சான்சரி நீதிமன்றத்திலே விண்ணப்பிக்கலாம். கூடாவொழுக்கம் மெய்ப்பிக்கப்பட்டவர்க்கு அவ்வுரிமை இல்லை. குறைபாடு பல உடையதேனும் தாய்க்கும் மக்கள்மேல் ஓர் உரிமை உண்டென்று இங்கிலாந்தின் சட்டம் ஏற்றது அதுவே முதன்முறை. ஆனால் அச்சட்டம் ஸ்காட்லாந்தில் செல்லாது. ஜார்ஜ் நார்ட்டன் தம் மக்களை அங்கே தம் உடன்பிறந்தாள் இல்லத்தில் வைத்திருந்தார். ஊரார் குழந்தைகளுக்கெல்லாம் திறந்த கதவு தம் குழந்தைகளுக்குத் திறக்கவில்லை.

1842-இல் இளையவன் வில்லியம் யார்க்ஷயரிலே மட்டக்குதிரையினின்றும் விழுந்தான். கையிற்பட்ட சிறு காயம் கவனிப்பாரின்றி நஞ்சாய் முற்றியது. தாய்க்கு ஆளனுப்பினர். அவர் வந்து சேர்ந்தபோது பிள்ளை பெட்டியில் கிடந்தான். ஒன்பது வயது. இதன்பின்னரே கணவர் சற்று நெகிழ்ந்து மற்ற இருவரும் தாயிடம் தங்கி வர இசைந்தார்.

துன்பம் அத்தோடு தீர்ந்ததா? 1848-இல் ஆண்டொன்றுக்கு 500 பவுன் தருவதாகக் கணவர் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். சில ஆண்டுகளில் தாயின் சொத்திலிருந்து அம்மையாருக்குச் சிறிது வருவாய் கிடைக்கவும், தொகையை நிறுத்திவிட்டார். 1853-இல் கடன் கொடுத்த வணிகர் தொடுத்த வழக்கிலே ஓர் உண்மை வெளிப்பட்டது. கணவனும் மனைவியும் சட்டத்தின் கண்ணில் ஒருவரே. ஒருவர் தம்மோடு தாமே ஒப்பந்தம் செய்தல் இயலாது. ஆதலின் அக்கையெழுத்து அவரைக் கட்டாது! அதே சட்டத்தின்படி அம்மையார் எழுதி ஈட்டிய பொருளும் கணவருடையதே. அவர் நூல் வெளியீட்டாளரிடம் கணக்குக் கேட்டதும் இதனால்தான். நகைப்பதோ நைவதோ நாம் அறியோம்.

மறு ஆண்டே ஆங்கிலப் பெண்டிர்க்குரிய சட்டங்களைப் பற்றி ஒரு நூலும், 1855-இல் மணவிலக்கு மசோதாவைக் குறித்து விக்டோரியா அரசியாருக்கு ஒரு கடிதமும் அச்சிட்டார். லிண்ட்ஹர்ஸ்ட் பிரபு அவர் எடுத்துக் காட்டியவற்றைப் பிரபுக்கள் சபையிலே வற்புறுத்தினார். 1857-ஆம் ஆண்டுச் சட்டத்தால் மணவழக்குகட்கெனத் தனி நீதிமன்றம் ஏற்பட்டது. கைவிடப்பட்ட மனைவி தன் உழைப்பின் பொருளைக் காத்துக்கொள்ள மாஜிஸ்திரேட்டிடம் ஆணை பெறலாம். பிரிவாணை பெற்ற மனைவி தன் பெயரால் ஒப்பந்தம் செய்யலாம், வழக்கிடலாம், வழக்கிடப்படலாம் என்னும் பிரிவுகள் அம்மையாரின் எழுத்து ஈன்றவை எனலாம். மணவிலக்கில் மட்டும் ஒப்புரவு பிறக்கவில்லை. கணவனுக்கு மனைவியின் கூடாவொழுக்கம் ஒன்றே போதும். மனைவியோ அதனோடு கொடுமையோ கைவிடலோ வேறொரு குற்றமோ சேர்த்து மெய்ப்பித்தல் வேண்டும்.

இவ்வோரவஞ்சனை கடல் கடந்து நம்மையும் வந்தடைந்தது. இந்தியக் கிறிஸ்தவர்க்கென 1869-இல் இயற்றப்பட்ட மணவிலக்குச் சட்டத்தின் பத்தாம் பிரிவு 1857-ஆம் ஆண்டு ஆங்கிலச் சட்டத்தைத் தழுவியது. இங்கிலாந்து 1923-இல் அவ்வேறுபாட்டைக் களைந்த பின்னரும் நம் நாட்டுக் கிறிஸ்தவப் பெண்கள் இரட்டைக் குற்றத்தை மெய்ப்பிக்க வேண்டியவராய்ப் பல்லாண்டு நின்றனர். 2001-ஆம் ஆண்டுத் திருத்தமே இருபாலார்க்கும் ஒரே காரணங்களை வகுத்து, இருவரும் ஒருமித்து விண்ணப்பிக்கும் வழியையும் தந்தது. கோவிலிலே மணவாழ்த்துப் பாடும் நம்மவருள் இவ்வரலாற்றை அறிந்தோர் எத்துணையர்?

அம்மையாரைக் குறையற்றவராகக் காட்டுதல் நம் நோக்கம் அன்று. ஆணும் பெண்ணும் சமம் என்னும் கொள்கையை அவர் ஏற்றிலர். ஆணின் உயர்வு இறைவன் வகுத்ததென்றே எழுதினார். அவர் வேண்டியது சமமன்று, காப்பு. இதனால் பிற்காலத்துப் பெண்ணுரிமையாளர் அவரைத் தம் முன்னோடி எனக் கூறச் சற்றே தயங்குவர். நமக்கும் அக்கொள்கை உடன்பாடன்று. ஆயினும் அவ்வாறு தாழ்ந்து வேண்டியதனாலேயே அக்காலத்துப் பிரபுக்கள் செவி சாய்த்தனர் போலும் என்று ஐயுறுகின்றோம். அவர் உள்ளத்தில் நின்றது கொள்கையோ சூழ்ச்சியோ, அதனை அளந்து கூற நாம் வல்லேம் அல்லேம்.

மூத்த மகன் பிளெச்சர் 1859-இல் பாரிஸ் நகரில் இறந்தார். கணவர் 1875-இல் இறக்குமளவும் அம்மையாருக்கு விடுதலை இல்லை. 1877-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், நடக்கவும் மாட்டாத தளர்ச்சியில், நெடுநாள் நண்பராகிய சர் வில்லியம் ஸ்டெர்லிங் மாக்ஸ்வெல்லை மணந்தார். அவ்வாண்டு ஜூன் 15-ஆம் நாள் உயிர் துறந்தார். அவரைத் தம் வாதத்திற்குச் செவிசாய்க்க வைத்த அப்பிரபுக்கள் சபையின் சுவரிலே, நீதித்தெய்வத்தின் உருவை ஓவியர் மக்லீஸ் 1840-களின் இறுதியில் தீட்டியபோது, அத்தெய்வத்தின் முகத்திற்கு மாதிரியாக அமர்ந்தவர் கரோலின் நார்ட்டன் அம்மையாரே.